முப்பத்தொரு இஞ்ச் டயரும் லூர்தக்காவின் தெருவும்

மோட்சத்திலும் யாருக்காவது ஜாக்கெட்டுக்கு அளவு எடுத்துக்கொண்டிருக்கும் என் லூர்தக்காவுக்கு,

சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். மாதா உன் தெருவுக்கு வந்துவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை, வெயில் இறங்கும் நேரம், என் ஜீப்பின் மேல் கிரீடத்தோடு நின்றபடி கல்வாசலைத் தாண்டி, கலங்கல் பாறையைத் தாண்டி உன் வீட்டு வாசலுக்கு வந்தாள். ஓட்டினது நான்தான். மாதாவுக்கும் ஒரு கீறல் இல்லை, வண்டிக்கும் ஒரு கீறல் இல்லை.

"ரொம்ப பீத்திக்காதடா" என்று நீ சொல்வது எனக்குக் கேட்கிறது. இன்றைக்கு ஒரு நாள் பீற்றிக்கொள்கிறேன், விடு. இதை நாலு பேர் படிக்கப்போகிறார்கள். உனக்குத் தெரிந்த கதையையே அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, அதையும் பொறுத்துக்கொள்.

நம் ஊரில் மாதா திருவிழா ஐப்பசியில் வரும். பூசை முடிந்ததும் மாதாவுக்குக் கிரீடம் வைப்பார்கள். வைத்தால் வைத்ததுதான், கொடியிறக்கும்வரை அதை யாரும் கழற்றக் கூடாது. பிறகு சப்பரம் ஊரைச் சுற்றும். முன்பெல்லாம் தோளில் தூக்கினார்கள். ஆம்பளைப் பிள்ளைகள் ஒரகடத்துக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனபின் தூக்க ஆள் போதவில்லை, ஏழெட்டு வருஷமாக என் ஜீப்பின் பின்பக்கத்தில்தான் சப்பரம். எல்லாத் தெருவும் போவோம். கிழக்குக் கோடியில், கோட்டைக் காலத்தில் நிறுத்தின கல்வாசல் இருக்கிறது, இரண்டு தூண், மேலே ஒரு கல் உத்தரம். அங்கே போனதும் வண்டியைத் திருப்பிவிடுவோம்.

கல்வாசலுக்கு அப்பால்தான் காலனி. நீ சவரி மாமாவைக் கட்டிக்கொண்டு போன தெரு. அதற்காக நம் நைனா ஆறு வருஷம் உன் வாசலை மிதிக்காமல் இருந்த தெரு. அந்தச் சனமும் இதே கோயிலுக்குத்தான் வருகிறது, இதே ஃபாதர்தான் பூசை வைக்கிறார். சப்பரம் மட்டும் அங்கே போகாது. தோளில் தூக்கின காலத்தில் கேட்டால், "கலங்கல் பாறைல கால் வழுக்கும்" என்றார்கள். ஜீப் வந்த பிறகு கேட்டால், "வண்டி போவாதுப்பா" என்றார்கள்.

நான் அதை நம்பினேன், அக்கா. ஏனென்றால் அது உண்மையாகவும் இருந்தது. ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடுகிற அந்தக் கலங்கலில் மாட்டுத்தலை அளவுக்குக் கற்கள் கிடக்கின்றன, நடுவில் ஒரு பெரிய பாறை முதுகு. ஒரு தடவை விறகு ஏற்றிக்கொண்டு அதில் இறங்கி, பின் அச்சின் நடுவில் பானை மாதிரி தொங்குமே டிஃபரன்ஷியல், அது பாறையில் உட்கார்ந்து, நாலு சக்கரமும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. நீதான் தெருவில் பத்துப் பேரைக் கூட்டி வந்து தள்ளிவிட்டாய். சுற்றிக்கொண்டு வரலாம் என்றால் ஏரிக்கரை மேல் பைக் மட்டும்தான் போகும்.

"வண்டி போவட்டும்டா முதல்ல. போயிட்டா அப்புறம் இன்னா சொல்றாங்கன்னு பாக்கணும்" என்று அன்றைக்குச் சொன்னாய். உனக்கு அது வண்டி விஷயம் இல்லை என்று அப்போதே தெரிந்திருந்தது. திருவண்ணாமலை ரோட்டில் இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கான எனக்கு மட்டும் அது வெறும் வண்டி விஷயமாகத் தெரிந்தது.

சரி, போன வருஷக் கூத்துக்கு வருகிறேன். ஒரு வீராப்பில் ஜீப்பை நாலு இஞ்ச் தூக்கினேன். ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி, அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்து ஏற்றினேன். வண்டி நின்ற நிற்பைப் பார்த்து எனக்கே மீசை துடித்தது. கல்வாசலுக்குப் போய் டேப்பு பிடித்து அளந்தேன். மாதா சுரூபம் வைத்து அளந்தேன், பீடம் வைத்து அளந்தேன். உத்தரத்துக்குக் கீழே ஆறு இஞ்ச் இடம் மிச்சம் இருந்தது. கமிட்டித் தலைவரிடம் போய், "இந்த வருஷம் காலனிக்கு நான் ஓட்றேன், வண்டி போவும்" என்று மார்தட்டினேன். அவர் "பாக்கலாம்" என்றார்.

திருவிழா அன்றைக்கு வாணவேடிக்கையோடு கல்வாசலுக்கு வந்தோம். அந்தப் பக்கம் நீங்கள் எல்லோரும் மெழுகுவர்த்தியோடு நின்றிருந்தீர்கள், நீ கத்தரிப்பூ நிறச் சேலை கட்டியிருந்தாய். நான் உள்ளே விட்டேன். மேலே 'டொக்' என்று ஒரு சத்தம். கிரீடம்! ஏழு இஞ்ச் கிரீடம். சுரூபத்தைக் கோயிலிலிருந்து சாதாரண நாளில் எடுத்து வந்து அளந்தவன், திருவிழா அன்றைக்கு அவள் தலையில் கிரீடம் ஏறும் என்பதை மறந்துவிட்டேன். பிறந்ததிலிருந்து வருஷா வருஷம் பார்த்த கிரீடம், அக்கா. ஒரே ஒரு இஞ்ச் இடித்தது.

"கிரீடத்த எடுத்துட்டுப் போலாமே" என்று ஒரு பையன் கேட்டான். தலைவர் கையைத் தூக்கினார். "முடி சூட்ன மாதாவ நடு வழில முடி எறக்குவியா? திருப்புப்பா." அத்தனை சனத்துக்கு முன்னால் ரிவர்ஸ் எடுத்தேன். முன் கண்ணாடி வழியே உன் தெருவின் மெழுகுவர்த்திகள் சின்னதாகிக்கொண்டே போனது இன்னும் கண்ணில் இருக்கிறது.

மறுநாள் நீ கடைக்கே வந்துவிட்டாய். திட்டப்போகிறாய் என்று நினைத்தேன். நீ குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்துவிட்டுக் கேட்டாய்: "ஏன்டா, சேலையத் தூக்கி செருகிக்கினா செருப்பு ஒசந்துடுமா? பாறைல இடிக்கறது அந்தப் பானை. அது அங்கயேதான தொங்குது?"

"சக்கரம் பெருசா போட்டாதான் அது ஒசரும். பெரிய சக்கரம் மட்கார்டுல இடிக்கும். அதுக்குதான் வண்டியத் தூக்கணும்" என்றேன்.

"அக்குள் புடிக்குதுன்னா ஜாக்கெட்ட நீட்டா தைப்பாங்க? அக்குள வெட்டி எறக்குவாங்கடா. இடிக்கற எடத்த வெட்டு, எதுக்கு மொத்த வண்டியையும் தூக்கற?"

கடையில் அப்போது நாலைந்து பேர் இருந்தார்கள். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "ஜாக்கெட் தைக்கறவளுக்கு ஜீப்ப பத்தி இன்னா தெரியும், போ அக்கா, போய் மிஷின மிதி" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டேதான் போனாய். மாசியில் ஒரு காலை நெஞ்சு வலி என்று மாமா உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், நான் கடையைச் சாத்திவிட்டு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பேச்சுக்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு, அக்கா. தப்பாகப் பேசினேன், அதுவும் நாலு பேருக்கு முன்னால்.

உன் நாற்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், அந்த நாலு இஞ்ச் கட்டைகளைக் கழற்ற வண்டிக்கு அடியில் படுத்தேன். தூக்கினதிலிருந்து வண்டி வல்லம் ரோட்டு வளைவுகளில் சாராயம் குடித்தவன் மாதிரி சாய்ந்து போய்க்கொண்டிருந்தது, உன் தம்பி பொண்டாட்டி அதில் ஏறவே மாட்டேன் என்றுவிட்டாள். படுத்தபடியே டேப்பு பிடித்துத் தரைக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவில் அளந்தேன். எட்டு இஞ்ச். தூக்குவதற்கு முன்பும் எட்டு இஞ்ச்தான். இது எனக்குத் தெரியாதா? தெரியும். வேறு எவனாவது வந்து கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். வண்டி உயரமாக நின்ற அழகில் எனக்குப் புத்தி மட்டாகிவிட்டது. நீ தரையில் குனிந்து பார்த்தாய், நான் எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு நீ சொன்னபடியே செய்தேன். இருபத்தெட்டு இஞ்ச் டயரைக் கழற்றிவிட்டு முப்பத்தொரு இஞ்ச் டயர் வாங்கினேன். மூன்று இஞ்சில் பாதி, ஒன்றரை இஞ்ச், அச்சும் பானையும் அப்படியே மேலே ஏறியது. வண்டியைத் தூக்கினது ஒரே ஒரு இஞ்ச், பட்டை முனையைப் பிடித்திருக்கும் ஷேக்கிளை மட்டும் கொஞ்சம் நீளமாக அடித்துப் போட்டேன். ஆக மொத்தம் இரண்டரை இஞ்ச். போன வருஷத்தைவிட ஒன்றரை இஞ்ச் கம்மி. கிரீடம் உத்தரத்துக்கு அரை இஞ்ச் கீழே போக வேண்டும், கணக்கு அப்படித்தான் வந்தது.

பெரிய டயர் சும்மா இருக்குமா? ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்னால் இடித்தது, பள்ளத்தில் இறங்கினால் மேலே இடித்தது. எங்கே இடிக்கிறது என்று பார்க்க டயர் முழுக்க ஈரச் சுண்ணாம்பு பூசினேன். ஒரு சக்கரத்தை எங்கள் வீட்டுப் பழைய ஆட்டுக்கல் மேல் ஏற்றி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஸ்டியரிங்கைச் சுற்றினேன். மட்கார்டில் எங்கெல்லாம் வெள்ளை ஒட்டியதோ அங்கெல்லாம் வெட்ட வேண்டும். நாலு சக்கரத்துக்கும் இப்படிச் செய்ய இரண்டு நாள் ஆனது.

வெட்டுவதற்கு முன்னால் கோடு போட என் கடைச் சாக்பீஸ் சரியாக விழவில்லை. சவரி மாமா வந்து பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய் உன் தையல் டப்பாவை எடுத்து வந்தார். உன் முக்கோணச் சாக்குக்கட்டி என்ன அழகாக இரும்பில் இழைகிறது தெரியுமா? வளைவு ஒரே இழுப்பில் விழுந்தது. "அவ பாத்திருந்தா இன்னும் ஒரு விரக்கட எறக்கி வெட்டச் சொல்வா" என்றார் மாமா. ஒரு விரற்கடை இறக்கியே வெட்டினேன். வெட்டின ஓரத்தைச் சுத்தியலால் உள்பக்கம் மடித்துவிட்டேன், நீ துணி ஓரத்தை மடிப்பதுபோலத்தான்.

இந்த முறை கிரீடத்தோடு அளந்தேன். ஃபாதரிடம் கெஞ்சிக் கூத்தாடி, மாதா கிரீடத்தின் அளவுக்கு அட்டையில் ஒன்று செய்து வைத்து அளந்தேன். அரை இஞ்ச் இடம் இருந்தது. தலைவரிடம் நான் இந்த வருஷம் மார்தட்டவில்லை. "ஓட்டிப் பாக்கறேங்க" என்று மட்டும் சொன்னேன்.

திருவிழா வந்தது. நாலு மணிக்குச் சப்பரம் கிளம்பியது. கல்வாசலுக்கு வந்து நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தேன். வாசலுக்கு அடியில் புதிதாக கிராவல் கொட்டி, ரோலர் விட்டு மட்டம் பண்ணியிருந்தார்கள். முந்தின நாள் அது இல்லை. டேப்பு பிடித்தேன், தரை ஒன்றரை இஞ்ச் உயர்ந்திருந்தது. திருவிழாவுக்கு ரோடு அழகாக இருக்கட்டும் என்று யாரோ நல்ல மனதோடு செய்தார்களா? யார் சொல்லி, எதற்குக் கொட்டினார்கள்? இன்றுவரை நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியவும் வேண்டாம். கிரீடம் மறுபடியும் ஒரு இஞ்ச் இடிக்கும் என்பது மட்டும் தெரிந்தது.

"இன்னாப்பா, போவாதா?" என்றார் தலைவர். அவர் குரலில் கேலி இல்லை, அது வேறு எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. டயரில் காற்றை இறக்கினால் வாசலில் நுழைந்துவிடலாம், ஆனால் அப்புறம் பாறையில் பானை உட்கார்ந்துவிடும், திரும்பக் காற்றடிக்க அங்கே எந்த வசதியும் இல்லை. அந்தப் பக்கம் உன் தெருச் சனம் போன வருஷத்தைப் போலவே நின்றிருந்தது, உன் இடத்தில் மாமா நின்றிருந்தார். மறுபடியும் ரிவர்ஸ் எடுக்க வேண்டுமானால் இந்த வண்டியை அங்கேயே கொளுத்திவிட்டுப் போகலாம் என்றுதான் தோன்றியது.

அப்போதுதான் ஸ்பிரிங் பட்டையைப் பார்த்தேன். பளு ஏறினால் பட்டை இறங்கும். சாதாரணமாக இவ்வளவு பெரிய டயரைப் போட்டுக்கொண்டு பளு ஏற்றினால் மட்கார்டு டயர் மேல் உட்கார்ந்து தேய்த்துவிடும். ஆனால் இந்த வண்டியில்தான் அக்குளை இறக்கி வெட்டியிருக்கிறதே!

"மாமா, வாங்க! ஆளுங்கள கூட்டிகினு வாங்க, எல்லாரும் வண்டில ஏறுங்க!" என்று கத்தினேன்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மாமாவுக்குப் புரிந்துவிட்டது. உன் தெருவிலிருந்து எட்டுப் பேர் கல்வாசலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார்கள். சப்பரத்தைத் தொட இதுவரை யாரும் விடாத ஆட்கள். அவர்கள் பின் பம்பரில் ஏறி, பக்கவாட்டில் தொங்கி, மாதாவின் காலடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பின்பக்கம் புசுக்கென்று இறங்கியது. அது போதுமா என்று பார்த்தேன், முன்பக்கம் இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும். "இன்னும் ரெண்டு பேர் முன்னால பானெட்ல ஒக்காருங்க" என்றேன். நம் தெருப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் பேண்டு வாசிக்கிற இரண்டு பேர் டிரம்மை இறக்கி வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்கள்.

முதல் கியரில், கிளட்சைப் பாதி மிதித்தபடி, நகர்ந்தேன். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் டயர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு உரசல் சத்தம்கூட இல்லை. கிரீடம் உத்தரத்துக்கு அடியில் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளியில் போனது. "போச்சுடா! போச்சு!" என்று யாரோ கத்தினார்கள். பேண்டு இல்லாமலே சனம் கை தட்டியது.

அதற்கப்புறம் கலங்கலெல்லாம் ஒரு விஷயமா? ஆட்களை இறக்கிவிட்டேன், வண்டி நிமிர்ந்து நின்றது. முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. முன் சக்கரம் ஒரு கல்லில் ஏறி அடுத்ததில் இறங்கியது, மாதா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாக ஆடினாள், எட்டுப் பேர் தண்ணீரில் நடந்தபடியே பீடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நடுப்பாறை வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். 'டங்' என்று கேட்க வேண்டிய இடத்தில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஏறி அந்தக் கரைக்கு வந்து உன் தெருவுக்குள் திரும்பினேன். அக்கா, நான் அழுதேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன், எவன் பார்த்தால் என்ன என்று அழுதேன்.

எல்லா வீட்டு வாசலிலும் நின்றோம். உன் வாசலில் கொஞ்சம் அதிக நேரம் நின்றோம். மாமா மாலை போட்டார். அவர் கை எட்டவில்லை, நான்தான் தூக்கிப் பிடித்தேன். "வண்டி நல்லா கீது மச்சான்" என்றார். தலைவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக் கலங்கலில் இறங்கி நடந்தே வந்திருந்தார். மூச்சு வாங்கியது அவருக்கு. உன் பக்கத்து வீட்டு அந்தோணியம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ஒரு நிமிஷம் சொம்பைப் பார்த்தார். பிறகு வாங்கிக் குடித்தார். பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டார், ஆனால் குடித்தார்.

நீ பார்க்கவில்லை. அது ஒன்றுதான் குறை, பெரிய குறை. போன வருஷம் அந்த ஒரு பேச்சைக் காதில் வாங்கியிருந்தால் நீ உன் வாசலிலேயே நின்று பார்த்திருப்பாய். இதை நான் யாரிடம் போய்ச் சொல்லி ஆற்றிக்கொள்வது?

புதன்கிழமை கமிட்டிக் கூட்டம் நடந்தது. "இந்த வருஷம் ஏதோ ஆச்சு, போச்சு. வருஷா வருஷம்னா யோசிக்கணும்" என்று ஒருவர் இழுத்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "வண்டிதான போவாதுன்னீங்க? போச்சு. இப்ப வேற எதுனா காரணம் இருந்தா, இங்கயே, எல்லார் முன்னாலயும், வாயத் தொறந்து சொல்லுங்க" என்றேன். வண்டி போய்விட்டால் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கணும் என்றாயே, அதை உனக்காக நான் பார்த்தேன். ஒரு ஆள் வாயைத் திறக்கவில்லை. தலைவர்தான் கடைசியில் கணக்கப்பிள்ளையிடம் திரும்பி, "அடுத்த வருஷ நோட்டீஸ்ல காலனித் தெருவையும் சேத்து எழுதுப்பா" என்றார்.

டயர் தேயும், அக்கா. தேய்ந்தால் வேறு போடுவேன். ஜீப்பே போனால் வேறு ஜீப் வாங்கி அதையும் வெட்டுவேன். என் கண் மங்கினால் ஸ்டியரிங்கை என் மகள் ஜெனியிடம் கொடுப்பேன், நேற்றுத்தான் கலங்கலில் அவளை ஓட்டவைத்துப் பழக்கினேன், ஒரு கல்லில்கூட இடிக்கவில்லை. நான் இருக்கிற வரைக்கும், நான் போன பிறகும், மாதா உன் தெருவுக்குள் வராமல் கோயிலுக்குத் திரும்ப மாட்டாள்.

சத்தியமாக,
உன் வாய்க்குப் பயந்து இப்போதும் ஒரு விரற்கடை இறக்கியே வெட்டுகிற தம்பி,
அருள்